அரிக்கா பாம் விதை முளைக்க ஏன் இத்தனை நாள் ஆகிறது?

அரிக்கா பாம் மடகாஸ்கரைச் சேர்ந்த பனைக் குடும்பச் செடி. விதைக்குள் கரு மிகச் சிறியது, மீதியெல்லாம் கெட்டியான பருப்பு. கரு வளர்ந்து வெளியே வரவே நாளாகும். பிறகும் பருப்பை மெல்லக் கரைத்து உறிஞ்சித்தான் இலை விடும். முளைத்த தேங்காய்க்குள் பஞ்சுபோல் ஒரு பூ இருக்குமே, அது செய்யும் வேலையும் இதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் புது விதை. காய்ந்த விதை பெரும்பாலும் செத்த விதை. மஞ்சளாகப் பழுத்த பழத்தின் சதையைத் தேய்த்து எடுங்கள். விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். 24 மணி நேரம் ஊறவைத்து, தென்னைநார்க் கழிவும் ஆற்று மணலும் சரிபாதி கலந்து, 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். பிழிந்தால் நீர் சொட்டாத ஈரம் போதும், அதிகமானால் அழுகிவிடும். 27 முதல் 32 டிகிரி வெப்பத்தில் 4 முதல் 6 வாரத்தில் முளைக்கும். ஏசி அறையில் மாதக்கணக்கில் இழுக்கும்.

இலை வந்ததும் ஒட்டியிருக்கும் விதையைப் பலர் பிய்த்துவிடுகிறார்கள். அது வெற்று ஓடு அல்ல, நாற்று இன்னும் அதிலிருந்துதான் சாப்பிடுகிறது.