அம்மாவின் பெட்டியில் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லை

கேள்வி: நான் மயிலாடுதுறைப் பெண். ஜோகன்னஸ்பர்க்கில் முதுநிலைப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. ஜூன் கடைசியிலிருந்து மூன்று வாரம் எனக்கு விடுமுறை. அந்தச் சமயத்தில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அப்பா ஒரே பிடிவாதமாக இருக்கிறார். இங்கே காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய் இறந்த வள்ளியம்மை, நாகப்பன் கல்லறைகளைப் பார்க்க வேண்டும், அப்புறம் டர்பன் போய் நம் ஆட்கள் கட்டிய கோயில்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு யாராவது கேப் டவுன் பார்க்காமல் திரும்புவார்களா? என் தோழிகளின் பெற்றோர் எல்லாரும் அங்கேதான் போனார்கள். தினமும் போனில் இதே சண்டை. அம்மா எதிலும் தலையிடுவதில்லை. ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று பருத்திப் புடவைகளாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். இங்கே அப்போது குளிர்காலம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. முட்டிவலிக்காரி, சொன்னால் வரமாட்டேன் என்பாள். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஜோகன்னஸ்பர்க்

பதில்: மகளே, கேப் டவுனா டர்பனா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அது இரண்டு நிமிஷ விஷயம். வெளியூரில் படிக்கும் பிள்ளைகள், பெற்றோர் வரும் நேரத்தில் எழுதும் கடிதங்கள் எனக்கு வராத மாதமில்லை. எல்லாவற்றிலும் ஊர்ப் பட்டியல் ஒன்று இருக்கும், அப்பாவின் பிடிவாதம் இருக்கும், யார் வீட்டுப் பெற்றோர் எங்கே போனார்கள் என்ற கணக்கு இருக்கும். அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு உன் அம்மா அடுக்கும் பருத்திப் புடவைகளைப் பார்க்கிறேன். போகிற போக்கில், ஏதோ வேடிக்கை போல எழுதியிருக்கிறாய்.

ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய நம் குன்னூர். ஜூலையில் பகல் வெயில் 16, 17 டிகிரி காட்டும், வானமும் நீலமாக இருக்கும், போட்டோவில் பார்ப்பவருக்குக் குளிரே தெரியாது. மாலை ஐந்தரைக்குள் சூரியன் போய்விடும். அதன்பின் 4 டிகிரி வரை இறங்கும், சில இரவுகளில் பூஜ்யத்துக்கும் கீழே. ஐரோப்பா போல அங்கே வீட்டைச் சூடாக வைக்கும் ஏற்பாடு பெரும்பாலான வீடுகளில் கிடையாது. சுவரும் தரையும் ராத்திரி முழுக்கக் குளிரை வாங்கி வைத்துக்கொள்ளும். உன் அறையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கல்லாக உறைந்து கிடக்கும், தலைக்கு வைப்பதற்கு நீயே அதை வெந்நீரில் நிறுத்தித்தான் எடுப்பாய். இதெல்லாம் தெரிந்த பெண், ஆனி மாத மயிலாடுதுறைப் புழுக்கத்தில் விசிறிக்கொண்டிருக்கும் அறுபது வயதுக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொன்னால் வரமாட்டாள் என்கிறாய். சரி, வராமல் போகட்டுமே! அவள் முட்டி, அவள் வலி. வருவதா வேண்டாமா என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லையா? அவள் இல்லை என்று சொல்லக்கூடும் என்பதற்காகவே கேள்வியை அவளிடம் போகவிடாமல் மறித்துவிட்டாய். உனக்கு ஐந்து வயதில் ஊசி வலிக்கவே வலிக்காது என்று அவள் பொய் சொல்லியிருப்பாள். அது பெற்றவளுக்குக் குழந்தையிடம் உள்ள சலுகை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதைத் திருப்பிப் பெற்றவர்களிடம் எடுத்துக்கொள்வதை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அம்மா நல்லதுக்குத்தானே என்று எழுதாதே, எழுதினாலும் அச்சேறாது.

நடக்கப்போவதைச் சொல்கிறேன், கேள். வந்து இறங்கிய மறுநாள் காலை அம்மாவால் கட்டிலை விட்டு எழ முடியாது. இரண்டு புடவையைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன், எனக்கென்ன" என்பாள். உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். குளிரும் என்று ஏன் சொல்லவில்லை என்று உன் அப்பாவிடம்கூட முணுமுணுக்கமாட்டாள். அவள் கேட்கமாட்டாள் என்பது உனக்கும் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் மறைத்திருக்கிறாய். குரலை உயர்த்தும் அப்பாவோடு தினமும் போனில் சண்டை போட உனக்கு நேரம் இருக்கிறது. வாயைத் திறக்காதவளிடம் உண்மையைச் சொல்ல நேரமில்லை. நம் வீடுகளில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது, சத்தம் போடுகிறவருக்குத்தான் பதில் கிடைக்கிறது.

ஜூன் கடைசி என்று தேதி குறித்தது யார்? உன் விடுமுறைதானே! டிசம்பரில் உனக்கு இதைவிட நீண்ட விடுமுறை இருக்கும். அப்போது அங்கே கோடை. ஜோகன்னஸ்பர்க்கில் சாயங்காலம் இடி மழை வந்து போகும், அவ்வளவுதான். கேப் டவுனில் மழை காலம் முடிந்து நல்ல வெயில். நீ ஆசைப்படும் மலையும் கடற்கரைச் சாலையும் அப்போதுதான் அழகு. அறுபது வயதில் முதல்முறை விமானம் ஏறுகிறவர்களைக் கூப்பிடும்போது யாருடைய காலண்டரைப் பார்க்க வேண்டும் என்று யோசித்தாயா?

அப்புறம் உன் அப்பா. அவர் பிடிவாதம் பிடிக்கும் இடத்தைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குச் சந்தேகம். தில்லையாடி உன் ஊருக்குப் பக்கத்தில், அதனால் வள்ளியம்மையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பாய். சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தாள். நாகப்பனைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. 18 வயதுப் பையன். 1909-ல், இதே ஜூன் கடைசியில், ஜோகன்னஸ்பர்க் சிறை முகாமில் இருந்தான். உறையும் விடிகாலையில் சாலை வேலைக்கு அனுப்பினார்கள். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா வந்து, விடுதலையான சில நாட்களில், ஜூலை 6 அன்று உயிர் போனது. அந்த ஊரின் குளிர் கொன்ற தமிழ்ப் பிள்ளை அவன். இருவரும் பிராம்ஃபாண்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அதே பத்து நாட்களுக்குள் அந்தக் கல்லறை முன்னால் உன் அம்மாவைப் பருத்திப் புடவையோடு கொண்டுபோய் நிறுத்தப் போகிறாய்.

உன் அப்பாவைப் போன்றவர்களுக்கு அது சுற்றுலா ஆகாது. கும்பிட வருகிறார். பெற்றவர் கும்பிட வேண்டும் என்று சொன்ன இடத்துக்குப் பிள்ளை கூட்டிக்கொண்டு போக வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. தோழிகளின் பெற்றோர் போன இடத்தை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். ஜூன், ஜூலையில்தான் வருகிறார்கள் என்றால் டர்பன், சந்தேகமே வேண்டாம். கேப் டவுனில் அவை மழை மாதங்கள். கடலிலிருந்து குளிர்காற்று அலை அலையாக வரும். காற்று பலமாக அடித்தால் டேபிள் மலை கேபிள் கார் ஓடாது, பராமரிப்புக்கு மூடுவதும் குளிர்காலத்தில்தான். முட்டிவலியோடு அடிவாரத்தில் குடை பிடித்து நிற்க 1,400 கிலோமீட்டர் எதற்கு? டர்பனில் அதே ஜூலையில் மழை அபூர்வம், பகலில் 22, 23 டிகிரி, நம் மார்கழி மாதிரி. அங்கே அம்மாவின் பருத்திப் புடவைக்கும் வேலை இருக்கும், மேலே ஒரு சால்வை போதும். சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1860 நவம்பரில் இறங்கிய துறைமுகம் அது. கேட்டோ மேனரில் அம்பலவாணர் கோயில் இருக்கிறது. ஆற்றங்கரையில் முதலில் கட்டியதை 1905 வெள்ளம் கொண்டுபோக, பிறகு எழுப்பிய கோயில். கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கூலிக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே காவடி எடுக்கிறார்கள். தமிழ் பேச வராவிட்டாலும் உன் அம்மாவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு ஊற்றித் தரும் ‘பன்னி சவ்’ (bunny chow) வாங்கிக் கொடு, காரம் பார்த்து அசந்துபோவாள்.

போவது விமானத்தில். ஒரு மணி நேரம்தான். சாலை வழி 570 கிலோமீட்டர், நடுவில் வான் ரீனன் கணவாய். 2024 செப்டம்பரில் பனி கொட்டி அங்கே வண்டிகள் ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்டு நின்றன. குளிர்காலத்தில் பெரியவர்களோடு அந்த வழி வேண்டாம்.

பிராம்ஃபாண்டெய்னுக்குப் பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் போய்வந்துவிடு. உன் கேம்பஸ் பக்கம்தானே என்று நடத்திக் கூட்டிப் போகாதே, வண்டி பேசிக்கொள், கல்லறை தேடும்போது வாசலில் காத்திருக்கச் சொல். அறைக்கு எண்ணெய் ஹீட்டர் ஒன்று, கட்டிலுக்கு மின்கம்பளி ஒன்று, அவர்கள் வருவதற்கு முன்னாலேயே வாங்கி ஓட்டிப் பார். ஃபோர்ட்ஸ்பர்க் ஓரியண்டல் பிளாசாவில் சால்வையும் கம்பளியும் பேரம் பேசி வாங்கலாம். புடவைக்கு உள்ளே போட தெர்மல் இரண்டு செட் வேண்டும். சாக்ஸ் பெரிய அளவாக வாங்கு. மெட்டியைக் கழற்று என்று அவளிடம் சொல்லமுடியாது, இறுக்கமான சாக்ஸுக்குள் மெட்டி விரலைக் கடித்துவிடும். முட்டிக்கு என்ன மாத்திரை, எத்தனை நாளுக்கு என்று ஊரிலேயே டாக்டரிடம் எழுதி வாங்கி வரட்டும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் இருவரையும் விமானம் ஏற்றாதே.

இவ்வளவும் அவள் வருகிறேன் என்று சொன்னால்தான். இந்தக் குளிர் எனக்கு வேண்டாம் என்றால் டிசம்பருக்குத் தேதியை மாற்று. மாற்றுக் கட்டணம் உன் உதவித்தொகையிலிருந்து போகட்டும், அப்பா பென்ஷனில் கை வைக்காதே. கேப் டவுனும் அப்போது கிடைக்கும், முதலில் கல்லறையும் டர்பனும் முடித்துவிட்டு.

போன் இன்றைக்கே செய். அங்கே ஆறு மணி என்றால் ஊரில் ஒன்பதரை, அம்மா சாப்பாட்டுக் கடை முடித்து உட்கார்ந்திருப்பாள். அப்பா எடுத்து வழக்கம்போல டர்பன் பேச்சை ஆரம்பித்தால், அதை அப்புறம் பேசலாம், போனை அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்.