ஈசிஜி: எது விதி, எது அனுமானம்?

ஈசிஜி பற்றி வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன: அந்தக் கோடுகளை எந்த அளவுக்கு நம்பலாம்? சிலவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இதயம் இருப்பது மார்பில். ஒயரை ஏன் கையிலும் காலிலும் மாட்டுகிறார்கள்?

உடம்புக்குள் இருப்பது பெரும்பாலும் உப்பு கலந்த நீர், அது மின்சாரத்தைக் கடத்தும். இதயத்தில் எழும் மின்னோட்டம் உடம்பெங்கும் பரவுவதால் தோலில் எங்கே தொட்டாலும் அதன் சாயல் கிடைக்கும். இதயச் செல்லில் சுமார் 100 மில்லிவோல்ட் மாற்றம் நடந்தால் தோலுக்கு வந்து சேருவது 1 மில்லிவோல்ட் அளவுதான். கைக்குள் இதயத்தின் மின்மூலம் எதுவும் கிடையாது என்பதால் தோளில் உள்ள மின்னழுத்தம் ஏறக்குறைய அப்படியே மணிக்கட்டு வரை வந்துவிடுகிறது. ஈசிஜியின் முன்னோடியான ஐந்தோவன் தன் ஆய்வில் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் வாளிகளில்தான் வைக்கச் சொன்னார்.

ஆனால் வசதிக்காக எலெக்ட்ரோடை (ஒயர் முனையில் தோலில் ஒட்டும் தகடு) கையிலிருந்து உடற்பகுதிக்கு நகர்த்தினால் கதை வேறு. டிரெட்மில் சோதனைக்காக 1966-ல் மேசனும் லிகரும் சொன்ன முறை அப்படிப்பட்டது. அலையின் உயரமும் அச்சும் (இதய மின்னோட்டத்தின் மொத்தத் திசை) மாறும், அதைப் படுத்தபடி எடுத்த பழைய ஈசிஜியோடு ஒப்பிடக் கூடாது.

ஐந்தோவன் முக்கோணம் உண்மையிலேயே சமபக்க முக்கோணமா?

இல்லை. இரு கைகளையும் இடக்காலையும் மூலைகளாகக் கொண்ட கற்பனை முக்கோணம் அது. 1913-ல் ஐந்தோவனும் சகாக்களும் அதை முன்வைத்தபோது செய்துகொண்ட அனுமானங்கள் இவை: இதயத்தின் மொத்த மின்செயலையும் ஒரே ஓர் இருமுனையாக, அதாவது ஒரு நேர்முனையும் ஒரு எதிர்முனையும் கொண்ட ஜோடியாக, எடுத்துக்கொள்ளலாம், அது முக்கோணத்தின் நடுவில் இருக்கிறது, மூன்று மூலைகளும் அதிலிருந்து சம தூரம், உடம்பு எங்கும் ஒரே சீராகக் கடத்துகிறது. ஒன்றுகூட முழு உண்மை அல்ல. காற்று நிறைந்த நுரையீரல் மோசமான கடத்தி. இதய அறைகளுக்குள் இருக்கும் ரத்தம் நல்ல கடத்தி. இதயமோ இடப்பக்கம் தள்ளி, முன்சுவரை ஒட்டி இருக்கிறது. பர்கரும் வான் மிலானும் 1946-ல் உடம்பின் மாதிரி ஒன்றைச் செய்து அளந்தபோது கிடைத்தது மூன்று பக்கமும் வேறுபட்ட கோணல் முக்கோணம்.

அப்புறம் ஏன் இன்னும் சமபக்கத்தை வைத்தே அச்சு கணக்கிடுகிறோம்? இயல்பான அச்சு −30 முதல் +90 டிகிரி என்ற வரம்பே அதே முக்கோணத்தை வைத்து வகுத்ததுதான். ஒப்பிடும் இரண்டு பக்கமும் ஒரே பிழை இருப்பதால் முடிவு பெரிதாகக் கெடுவதில்லை. என் பார்வையில் இது கெட்டிக்காரத்தனமான எளிமை, அவ்வளவுதான். அச்சு 47 டிகிரியா 52 டிகிரியா என்று வாதாடுவதில் அர்த்தமில்லை.

மார்பு லீட்களில், அதாவது மார்பில் ஒட்டி எடுக்கும் பதிவுகளில், இந்தச் சலுகை இல்லை. எலெக்ட்ரோடுக்கும் இதயத்துக்கும் சில சென்டிமீட்டர்தான் இடைவெளி என்பதால் பக்கத்தில் உள்ள தசையின் பங்கு ஓங்கிவிடும், ‘ஒரே இருமுனை’ என்ற கணக்கு ஆட்டம் காணும். நான்காவது விலா இடைவெளியில் ஒட்ட வேண்டிய வி1, வி2 என்ற மார்பு எலெக்ட்ரோடுகள் இரண்டையும் மேலே ஏற்றி ஒட்டினால் ஆர் அலை (கீழறைகள் தூண்டப்படும்போது மேலெழும் கூர்முனை) குறுகி, பழைய மாரடைப்புபோல் தோன்றக்கூடும்.

லீட் 1, லீட் 3 இரண்டையும் கூட்டினால் லீட் 2 வருகிறதா என்று பார்த்தேன், சரியாக வந்தது. ஒயர்கள் சரியாக மாட்டியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. லீட் 1 என்பது இடக்கை கழித்தல் வலக்கை, லீட் 3 என்பது இடக்கால் கழித்தல் இடக்கை. கூட்டினால் இடக்கை அடிபட்டு, இடக்கால் கழித்தல் வலக்கை மிஞ்சும். அதுதான் லீட் 2. வெறும் கழித்தல் கணக்கு. இதயம் எங்கே இருந்தாலும், முக்கோணம் எவ்வளவு கோணலாக இருந்தாலும், ஒயர்களை எப்படி மாற்றி மாட்டினாலும் இது பொருந்தியே தீரும். போதாக்குறைக்கு இன்றைய இயந்திரங்கள் ஆறு கை-கால் லீட்களில் இரண்டை மட்டும் அளந்துவிட்டு மற்ற நான்கைக் கணக்கிட்டே போடுகின்றன!

கை ஒயர்கள் இடம் மாறினால் லீட் 1 தலைகீழாகும், 2-ம் 3-ம் இடம் மாறும். லீட் 1-ல், மேலறைகள் தூண்டப்படுவதைக் காட்டும் பி அலையே கீழ்நோக்கி இருந்தால் முதலில் ஒயரைச் சந்தேகப்படுங்கள்.

பத்து ஒயரில் 12 லீட் எப்படி?

லீட் என்பது இரண்டு இடங்களுக்கு இடையிலான மின்னழுத்த வித்தியாசம். வலக்கால் ஒயர் இரைச்சலைக் குறைக்க, அளவீட்டில் சேராது. மார்பு லீட்களுக்கு ஒப்பிட வேண்டிய இரண்டாவது இடமாக வில்சன் 1934-ல் மூன்று கை-கால் ஒயர்களையும் ஒவ்வொன்றிலும் 5000 ஓம் மின்தடை வைத்து இணைத்தார்; அந்தச் சராசரி பூஜ்யம் என்று கொள்ளப்படுகிறது. உண்மையில் அது பூஜ்யம் இல்லை, துடிப்புக்குத் துடிப்பு சற்று அசையும். பன்னிரண்டில் தனித்த தகவல் தருபவை எட்டுதான்: மார்பு லீட் ஆறு, கை-கால் லீட் இரண்டு.

கரண்ட் உள்ளே விடுகிறார்களா?

இல்லை. உங்கள் உடம்பின் கரண்டைத்தான் அளக்கிறார்கள்.

கோடு தட்டையாக இருக்கும் இடங்களில் இதயம் ஓய்வெடுக்கிறதா?

நல்ல கேள்வி. தோலில் அலை தெரிய, இதயத்தின் ஒரு பகுதி தூண்டப்பட்டும் இன்னொரு பகுதி தூண்டப்படாமலும் இருக்க வேண்டும். எல்லாச் செல்களும் ஒரே நிலையில் இருந்தால் வித்தியாசமே இல்லை, கோடு தட்டை. கீழறைகள் தூண்டப்படும் அலைக்கும் அவை மீளும் அலைக்கும் இடைப்பட்ட எஸ்டி பகுதி இதற்குச் சரியான உதாரணம்: கீழறைகள் முழுக்கத் தூண்டப்பட்டு, சுருங்கி, ரத்தத்தை வெளியே தள்ளும் நேரம் அது.

அதேபோல், துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனோ ஏட்ரியல் கணு மிகச் சிறியது; அதன் செயல் சாதாரண ஈசிஜியில் தெரியவே தெரியாது. எதிரெதிர் திசையில் போகும் அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் வேர்த்து விறுவிறுக்க இழுத்தாலும் கயிறு நகராதே, அந்த மாதிரி. நாம் பார்ப்பது மிச்சத்தை மட்டுமே.

நெஞ்சுவலி வந்தது, ஈசிஜி நார்மல். நிம்மதியாக இருக்கலாமா?

ஒரு ஈசிஜியை மட்டும் வைத்து, கூடாது. வழக்கமாக அது பத்து விநாடிப் பதிவு. ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் அந்த நேரத்தில் தசைக்குப் போதுமான ரத்தம் கிடைத்துக்கொண்டிருந்தால் மின்செயலில் மாற்றம் தெரியாமல் போகலாம். பின்சுவருக்கு நேரே எந்த லீடும் இல்லை; அங்கே பாதிப்பு என்றால் வி1 முதல் வி3 வரை எஸ்டி தாழ்ந்து மறைமுகமாகக் காட்டலாம், உறுதிசெய்ய முதுகுப்பக்கம் வி7 முதல் வி9 வரை ஒட்டிப் பார்ப்பார்கள். அதனால்தான் மருத்துவர்கள் சிறிது நேரம் கழித்து மறுபடி ஈசிஜி எடுக்கிறார்கள், ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் கசியும் புரதம்) பார்க்கிறார்கள். வலி தொடர்ந்தால் அல்லது திரும்பி வந்தால், கையில் நார்மல் ரிப்போர்ட் இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.