வாசகர் கேள்வி: நேபாளத்துப் பாடசாலையைத் திருத்தப் போகிறவர்களுக்கு

கேள்வி: நாங்கள் பன்னிரண்டு நண்பர்கள். ஒக்டோபரில் இரண்டு கிழமை நேபாளத்தில் ஒரு மலைக்கிராமப் பாடசாலையைத் திருத்தப் போகிறோம். கட்டட வேலை தெரிந்தவர் எவருமில்லை. எங்களால் எதைச் செய்ய முடியும்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். சுவரையும் கூரைச் சட்டத்தையும் தொடாதீர்கள். அந்த மலைகளில் பழைய கட்டடங்கள் பல, கல்லை மண்சாந்தில் அடுக்கிக் கட்டியவை. சுவரின் இரு முகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் நீளக் கற்கள் இல்லாவிட்டால், நில அதிர்வில் அது இரண்டாகப் பிளந்துவிடும். கூரை முகடுவரை முக்கோணமாக எழும் பக்கச்சுவர்தான் பெரும்பாலும் முதலில் விழும். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கம் சனிக்கிழமை, அங்கு வாராந்த விடுமுறை நாளில் வந்தது. அதனால்தான் இடிந்த வகுப்பறைகளில் பிள்ளைகள் இருக்கவில்லை. வெளிச்சம் வேண்டுமென்று புது ஜன்னல் உடைப்பதோ, தூணை அகற்றுவதோ உங்கள் வேலையல்ல. அதைப் பொறியியலாளர் பார்த்து, பயிற்சி பெற்ற உள்ளூர் மேசன் செய்யவேண்டும். சேர்த்த காசில் அவருடைய கூலியை முதல் செலவாக ஒதுக்குங்கள்.

உங்களுக்கு ஏற்ற வேலை தண்ணீரை விரட்டுவது. சுவரில் வெள்ளை உப்புப் பூத்து, பெயின்ற் செதில் செதிலாக உரிந்தால், எங்கிருந்தோ ஈரம் வருகிறது. அதை நிறுத்தாமல் மேலே பூசினால் அடுத்த மழையில் அதுவும் உரியும். கூரைத்தகரத்தின் ஆணி மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் இருந்தால் ஓடும் மழைநீர் அந்தத் துளையால் உள்ளே இறங்கும். மாற்றும் வேலையை தச்சரிடம் விடுங்கள். கீழே, வெளிநிலம் வகுப்பறைத் தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்கவேண்டும். மண் குவிந்திருந்தால் வெட்டி அகற்றுங்கள். தாழ்வாரத்து நீர் விழும் இடத்தில் ஒரு அடி அகல வாய்க்கால் வெட்டி, எட்டு அடிக்கு ஒரு அங்குலம் சரிவு கொடுங்கள். ஆனால் அத்திவாரத்துக்குக் கீழே தோண்டிவிடாதீர்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் இது நன்றாக நடக்கும்.

மண்சாந்துச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சோ எனாமலோ (எண்ணெய்ப் பெயின்ற்) வேண்டாம். உள்ளே ஈரம் அடைபட்டு, பூச்சு பாளமாகக் கழன்று விழும். சுண்ணாம்பே நல்லது. ஆனால் அது கண்ணைச் சுடும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

இன்னொன்று: தசைன், திகார் பண்டிகைகள் அந்தக் காலத்தில்தான் வரும். பாடசாலை மூடியிருப்பது வசதிதான், ஆனால் மேசனும் வீட்டில் பண்டிகை கொண்டாடுவார். அதிபரிடம் திகதியைக் கேட்டபின் விமான ரிக்கற் எடுங்கள்.

கேள்வி: சம்பளம் வாங்காத வேலைதானே, சுற்றுலா வீசா போதாதா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: போதாது. சார்க் நாட்டவர் என்பதால் ஆண்டின் முதல் வருகைக்கு முப்பது நாள் வீசா இலவசம் என்பது உண்மை. ஆனால் நேபாளத்தின் சுற்றுலா வீசாவில் சம்பளமில்லாத தொண்டு வேலையும் அனுமதியில்லை. அழைக்கும் அமைப்பு அங்கு பதிவு பெற்றதா, உங்களுக்கு அனுமதி எடுத்துத் தருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். "வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அந்த அமைப்போடு போகாதீர்கள்.

கேள்வி: ஒரு வகுப்பறைக்கு எவ்வளவு பெயின்ற் வேண்டும்? கொழும்பிலிருந்தே கொண்டுபோகலாமா?
– வாசகர், தெகிவளை

பதில்: 20 அடிக்கு 25 அடி அறை, சுவர் உயரம் 10 அடி என்றால் மொத்தம் 900 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 150 கழித்தால் 750. இமல்ஷன் (தண்ணீர் கலக்கும் சுவர்ப் பெயின்ற்) ஒரு லீற்றர், ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வரும். இரண்டு பூச்சுக்கு 15 லீற்றர். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும். இந்தக் கணக்கு சீமெந்துப் பூச்சுள்ள சுவருக்கு மட்டும்.

அங்கேயே வாங்குங்கள். எனாமலும் தின்னரும் தீப்பற்றும் பொருட்கள், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். டப்பாவில் ஈயம் இல்லை என்று அச்சிட்டிருக்கவேண்டும். பழைய எனாமலை உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். அதில் ஈயம் இருந்தால் தூசி பிள்ளைகளின் கைவழியே வாய்க்குள் போகும். நனைத்துச் சுரண்டி, கீழே விரித்த பொலித்தீனோடு சுருட்டி அகற்றுங்கள்.

மலையில் காலைப்பனி ஈரம் காய்ந்தபின் தொடங்கி, பிற்பகல் மூன்றுக்குள் நிறுத்துங்கள். வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் இமல்ஷன் சரியாகப் படியாது. ஓர் அறைக்கு நான்கு பேர் போதும். மிஞ்சியதை இறுக மூடி, நிற இலக்கத்தையும் எந்த அறைக்கு என்பதையும் எழுதி அதிபரிடம் கொடுங்கள்.