மகனுக்கு அப்பா பினாமியா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி விசா. 2016-ல் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்து இன்னும் காத்திருக்கிறோம். மகனுக்கு 17 வயது. நான்கு வயதில் இங்கே வந்தவன். பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கர், அதாவது பந்தை உதைப்பவன். இரண்டு கல்லூரிகள் அவனைக் கேட்கின்றன. ஒன்றில் முழு ஸ்காலர்ஷிப், இன்ஜினீயரிங்கும் நன்றாக இருக்கும். இன்னொன்று டிவியில் வருகிற பெரிய அணி. அங்கே ஸ்காலர்ஷிப் இல்லை, அணியில் இடம் மட்டும். ஆனால் அந்த ஊர் கார் ஷோரூம் ஒன்று அவனை விளம்பரத்தில் காட்டி ஆண்டுக்கு 30,000 டாலர் தருவதாகச் சொல்கிறது. விசா சிக்கல் வராமல் இருக்க அதைத் தன் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர். மகனும் சரி என்று தலையாட்டிவிட்டான். எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? பெரிய அணி இல்லை என்றால் அவன் மனசு உடைந்துவிடுமோ?
- ஒரு தாய், டெக்சாஸ்

பதில்: சகோதரி, கல்லூரிக்கு அப்புறம் வருகிறேன். ‘தன் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் கணவர்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். நம் ஊரில் இதற்குப் பெயர் பினாமி. அண்ணன் பெயரில் கடை, மச்சான் பெயரில் மனை என்று ஆரம்பித்து, கடைசியில் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகாமல் ஆன குடும்பங்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அதையாவது பெரியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்டார்கள். நீங்கள் 17 வயதுப் பையனை அதில் உட்கார வைக்கிறீர்கள்.

சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று, அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கமான என்சிஏஏ 2021 ஜூலை 1 முதல் அனுமதித்தது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு விளையாட்டு வருமானத்தில் பங்கு கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இவ்வளவும் விளையாட்டுச் சங்கத்தின் விதி. குடியேற்றச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. எச்-1பி-காரர் குடும்பத்துக்குக் கிடைப்பது எச்-4 விசா. அதில் இருக்கும் பிள்ளை படிக்கலாம், ஸ்காலர்ஷிப் வாங்கலாம், கூலிக்கு வேலை செய்யக் கூடாது. விளம்பரத்தில் நடிப்பது வேலைதான்.

பர்டூ பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய சாக் ஈடி கனடாக்காரர். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் சிறந்த கல்லூரி வீரர். மாணவர் விசாவில் இருந்ததால் சக வீரர்களைப் போல அவரால் விளம்பரப் பணம் பார்க்க முடியவில்லை. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆடிய காங்கோ நாட்டு ஆஸ்கார் ஷீப்வேக்கும் அதே சிக்கல். அமெரிக்க மண்ணில்தானே வேலை செய்யத் தடை என்று, 2022-ல் அணி பஹாமாஸுக்குப் போனபோது அந்த மண்ணில் வைத்துத் தன் விளம்பர வேலைகளை முடித்தார். அப்பா பெயரில் வாங்கினால் போயிற்று என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் கணவர் பெயரில் வாங்கினால் என்ன ஆகும்? எச்-1பி-யில் இருக்கும் அவர் தன்னை வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்கு மட்டும்தான் உழைக்கலாம். அப்படியானால் செய்யாத வேலைக்குக் கூலி வாங்கியதாகக் காட்டுவாரா, செய்ததாகக் காட்டுவாரா? எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார். அதோடு, இப்போது 600 டாலரைத் தாண்டும் ஒவ்வொரு வெளி ஒப்பந்தத்தையும் டிவிஷன் 1, அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டத்து வீரர் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் உங்கள் ஏற்பாடு வெளியே வரும். மறைத்தால் அவன் ஆட்டத்துக்கே ஆபத்து. 21 வயதில் அவனுடைய எச்-4 முடியும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். இதுவரை விதிப்படி இருந்தாயா என்ற கேள்வி அப்போது அவனிடம்தான் வரும். நான்கு வயதிலிருந்து வேறு ஊரே தெரியாத பிள்ளை அவன். 30,000 டாலருக்காக அந்த ஊரை அவனிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறீர்கள்.

பிள்ளை சம்பாத்தியத்தில் பெற்றவர்கள் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். நாளைக்கு அவன் நிமிர்ந்து நின்று, தன் கையால் கொடுத்தால் மனசார வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை அவன் பெயரில் ஒரு கறை படாமல் பார்த்துக்கொள்வது அப்பா அம்மா கடமை. உங்கள் வீட்டில் அப்பாவே பொய்க்குத் திட்டம் போடுகிறார், அம்மா அதை அரை வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறார். அவன் தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்களா? அப்பா சொன்னால் தப்பாக இருக்காது என்று நம்பித் தலையாட்டியிருக்கிறான். எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

சரி, கல்லூரி. ஸ்காலர்ஷிப் தரும் இடத்தில் சேருங்கள். பெரிய அணி கொடுப்பதற்கு வாக்-ஆன் என்று பெயர். 2025-லிருந்து பெரிய அணிகள் பெரும்பாலானவற்றில் 105 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஆள் குறைக்க வேண்டி வந்தால் ஸ்காலர்ஷிப் இல்லாதவன் மேல்தான் முதலில் கை வைப்பார்கள். கிக்கராக மைதானத்தில் இறங்குவதும் ஒருவன்தான். முதல் கல்லூரியிலும் கோச் வாயால் சொன்னதை நம்பி உட்காராதீர்கள். எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருஷத்துக்கா, படிப்பு முடியும் வரைக்குமா, அடிபட்டுப் படுத்தால் தொடருமா என்று கேளுங்கள். பல்கலைக்கழகம் நேரடியாகக் காசு தருவதாகச் சொன்னாலும் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு டாலர் தொடாதீர்கள்.

மனசு உடையுமா என்கிறீர்கள். ஸ்டேடியமே பார்க்கப் பந்தைக் குறி தவறி உதைத்துவிட்டு, அடுத்த உதைக்கு மறுபடி வந்து நிற்கிற பையன் அவன். தாங்குவான்.

ஷோரூமுக்கு ‘வேண்டாம்’ என்று இன்றைக்கே எழுதி அனுப்புங்கள். அப்புறம் ராத்திரி சாப்பாடு ஆனதும் உங்கள் கணவர் மகனை உட்கார வைத்து, “அன்றைக்கு நான் சொன்னது தப்புப்பா” என்று தன் வாயால் சொல்லட்டும். அவருக்குப் பதிலாக நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள்.