பெயர் பெற்ற கல்லூரியா, பிடித்த பாடமா?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்துவிட்டேன். மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. முதலாவது எல்லோருக்கும் தெரிந்த, தரவரிசையில் மேலே இருக்கிற கல்லூரி, ஆனால் அங்கே வேதியியல்தான் கிடைத்தது. இரண்டாவது அவ்வளவு பெயர் இல்லாத கல்லூரி, அங்கே நான் ஆசைப்பட்ட புள்ளியியல். மூன்றாவது வீட்டுக்குப் பக்கத்தில், அதுவும் புள்ளியியல்தான், கட்டணத்தில் பாதியை உதவித்தொகையாகத் தருகிறார்கள். "பெயர்தான் கடைசி வரை கூட வரும், முதல் கல்லூரியிலேயே சேர்" என்கிறார் அப்பா. பதினைந்து நாளில் பதில் சொல்லியாக வேண்டும். எதை வைத்து முடிவெடுப்பது? என் தோழி இன்னும் விருப்பப் பட்டியலே நிரப்பவில்லை. கிடைக்க வாய்ப்புக் குறைவான கல்லூரியை முதலில் போட்டால் மற்றதும் கைவிட்டுப் போகுமோ என்று பயப்படுகிறாள். அவளுக்கும் சொல்லுங்கள்.

பதில்: பதினைந்து நாள் தாராளமாகப் போதும். முதலில் அப்பா சொல்வதை எடுத்துக்கொள்வோம், அதில் பாதி உண்மை இருக்கிறது.

பெரிய கல்லூரியில் படித்தவர்கள் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்பது பல இடங்களில் கண்கூடு. ஆனால் அது கல்லூரி தந்ததா, அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே கெட்டிக்காரர்களாக இருந்ததால் வந்ததா? ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு ஆய்வாளர்கள் 1976-இல் கல்லூரியில் சேர்ந்த அமெரிக்க மாணவர்களை வைத்து இதைத் தேடிப் பார்த்து 2002-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி இடமும் கிடைத்து, சிலர் பெரிய கல்லூரியிலும் சிலர் அதைவிடச் சாதாரணமான கல்லூரியிலும் சேர்ந்திருந்தார்கள். பல ஆண்டு கழித்து இரு தரப்பின் வருமானத்தையும் ஒப்பிட்டபோது, சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு முக்கியமான விலக்கு மட்டும் உண்டு: வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையிலேயே கைகொடுத்திருந்தது. வீட்டிலோ உறவிலோ வழிகாட்ட ஆள் இல்லாதவருக்கு அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்களும் அறிமுகங்களும் பெரிய சொத்து என்பதே இதற்குக் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆகவே உங்கள் குடும்பத்தில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அப்பாவின் வாதத்துக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுங்கள். அதே சமயம், அந்த ஆய்வு ஒப்பிட்டது கல்லூரிகளை. உங்களுக்கோ பாடமே மாறுகிறது, அது இன்னும் பெரிய விஷயம்.

தரவரிசையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வீடுகளில் நடக்கிற வாக்குவாதம் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்தே நடக்கிறது. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்துகிற, 2003-இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில் 30 சதவீத மதிப்பெண், நோபல் பரிசோ கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கமோ வாங்கிய பழைய மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் போகிறது. மீதியில் பெரும்பகுதி ஆய்வுக் கட்டுரைகளுக்கு. முதலாண்டு மாணவருக்கு யார், எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பதற்கு அதில் இடமே இல்லை. வகுப்பறையைக் கணக்கில் எடுக்கும் பட்டியல்களிலும் கல்லூரி தானே தருகிற எண்களை நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், அந்நாட்டுக் கல்லூரிகளை வரிசைப்படுத்துகிற யு.எஸ். நியூஸ் பட்டியலில் 2-ஆம் இடத்தில் இருந்தபோது, அங்கேயே பணிபுரியும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் 2022-இல் அந்த எண்கள் சரியில்லை என்று விரிவாக எழுதினார். 20 பேருக்குக் குறைவான வகுப்புகள் 80 சதவீதத்துக்கு மேல் என்று கொடுத்திருந்தது, திருத்திப் பார்த்தால் சுமார் 57 சதவீதம். அதே ஆண்டு பட்டியலில் 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. அந்த ஆறு மாதத்தில் அங்கே படித்துக்கொண்டிருந்த மாணவருக்கு என்ன மாறியது? வகுப்பும் அதேதான், ஆசிரியரும் அதேதான். 12-ஆம் இடத்துக்கும் 25-ஆம் இடத்துக்கும் நடுவே ஏதோ இருப்பதாக நினைத்து வீட்டில் சண்டை போடாதீர்கள்.

சரி, அப்போது எதைப் பார்ப்பது? நீங்கள் சேரப்போகும் துறையைப் பாருங்கள். கல்லூரி பெரிதாக இருக்கலாம், நீங்கள் உட்காரப்போவது அதில் ஒரு துறையின் நாலைந்து அறைகளில்தான். அங்கே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும் என்று உங்களால் விவரமாகச் சொல்ல முடிந்தால், பாதி முடிவு எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இதற்கு முதல் வேலை, பாடத்திட்டத்தை எடுத்து இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பக்கங்களைப் படிப்பது. முதலாண்டு எங்கேயும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், துறையின் குணம் அப்புறம்தான் தெரியும். புள்ளியியல் என்ற ஒரே பெயரில் ஓரிடத்தில் தேற்றங்களும் நிரூபணங்களுமாக இருக்கும், இன்னோரிடத்தில் பாதிக்குப் பாதி கணினியில் தரவை வைத்துச் செய்கிற வேலையாக இருக்கும். விருப்பப் பாடங்கள் என்று இருபது பெயர் போட்டிருந்தால், போன வருடம் அதில் எத்தனை நிஜமாக நடந்தது என்று கேளுங்கள். அந்த வேதியியல் பக்கங்களையும் திறந்த மனத்தோடு படியுங்கள். ஆய்வகத்தில் மணிக்கணக்காக நிற்பதை நினைத்தால் இப்போதே சலிப்பாக இருக்கிறதா, இல்லை ஆர்வம் எட்டிப் பார்க்கிறதா?

இரண்டாவது வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஆனால் கூச்சத்தால் பலரும் இதைச் செய்வதே இல்லை. அந்தத் துறையில் படிக்கிற இரண்டு பேரிடமாவது பேசுங்கள். கல்லூரியைச் சுற்றிக் காட்ட நிறுத்தி வைத்திருக்கும் மாணவரும் வேண்டாம், முதல் மதிப்பெண் வாங்குகிறவரும் வேண்டாம். நடுவில் இருக்கிற ஒருவர், இரண்டாம் ஆண்டிலோ கடைசி ஆண்டிலோ இருப்பவர். "கல்லூரி நல்லா இருக்கா" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும், அதனால் போன வாரத்தைப் பற்றிக் கேளுங்கள். போன வாரம் எத்தனை வகுப்பு நடக்காமல் போனது? செய்முறையை நீங்களே செய்கிறீர்களா, எட்டுப் பேர் சுற்றி நின்று ஒருவர் செய்வதைப் பார்க்கிறீர்களா? சந்தேகம் கேட்டு ஓர் ஆசிரியரின் அறைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள், அவர் என்ன செய்தார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு உடனே ஒரு பெயரும் ஒரு சம்பவமும் வந்து விழுந்தால் அந்தத் துறையை நான் நம்புவேன். கருத்துக்கணிப்பு நடத்துகிற கேலப் நிறுவனமும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகமும் 2014-இல் 30,000 பட்டதாரிகளிடம் நடத்திய கணக்கெடுப்பிலும் இதே விஷயம் வந்தது: பின்னாளில் வேலையில் ஈடுபாட்டோடு இருந்தவர்களைப் பார்த்தால், எந்த வகைக் கல்லூரி என்பதைவிட, தன் மேல் அக்கறை காட்டி, படிப்பில் ஆர்வம் மூட்டி, கனவுக்கு ஊக்கம் தந்த ஆசிரியர் ஒருவர் அமைந்தாரா என்பதோடுதான் அதிகத் தொடர்பு இருந்தது.

வேலைவாய்ப்பு விளம்பரங்களை மட்டும் பேனாவோடு படியுங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சம்பளம் 4, ஒருவருக்கு 64 என்றால் சராசரி 10 என்று போடலாம், பொய்யில்லை, ஆனால் பத்து வாங்குகிற ஆள் அங்கே ஒருவர்கூட இல்லை. வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அதே போல, 60 பேர் படித்து, 40 பேர் வேலைக்குப் பதிவு செய்து, 36 பேருக்குக் கிடைத்தால் அது 90 சதவீதமும் ஆகும், 60 சதவீதமும் ஆகும்.

பணம். முதல் ஆண்டுக் கட்டணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், படிப்பு முடியும் வரை கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, பயணம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதுங்கள். மூன்றாவது கல்லூரியின் உதவித்தொகை எல்லா ஆண்டும் தொடருமா, அதற்கு எத்தனை மதிப்பெண் எடுக்க வேண்டும், ஒரு பருவம் தவறினால் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிச் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

"முதலில் வேதியியலில் சேர்ந்துகொள், அப்புறம் புள்ளியியலுக்கு மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். போன வருடம் அப்படி எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று அலுவலகத்தில் கேளுங்கள். மாற்றம் கிடைக்காவிட்டாலும் கடைசி வரை அந்தப் பாடத்தைப் படிக்க முடியும் என்றால் மட்டும் சேருங்கள்.

உங்கள் தோழிக்கு: மாணவரின் பட்டியலை வரிசையாகப் பார்த்து, ஒன்று கிடைக்காவிட்டால் அடுத்ததை அதே உரிமையோடு பரிசீலிக்கிற முறையாக இருந்தால் பயமே வேண்டாம், மனத்தில் இருக்கிற வரிசையை அப்படியே போடலாம். டேவிட் கேல், லாயிட் ஷேப்லி இருவரும் 1962-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த முறை அது, ஷேப்லிக்கு 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது இந்த வேலைக்காகவும்தான். சில இடங்களில் முதல் விருப்பமாகப் போட்டவருக்கு மட்டும் முன்னுரிமை தருவார்கள், அல்லது நாலைந்து பெயர்தான் எழுத விடுவார்கள். அப்படியானால் கணக்குப் போட்டுத்தான் எழுத வேண்டும், நிச்சயம் கிடைக்கிற ஒன்று பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். விதிமுறையில் இந்த ஒரு பத்தியைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து என் கருத்தைக் கேட்டால், போட்டி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவேதான். வேதியியல் மேல் ஒரு வார்த்தை ஆசையும் உங்கள் கடிதத்தில் இல்லை. இரண்டாவதில் ஆசிரியர்கள் நன்றாக இருந்து, கடன் இல்லாமல் சமாளிக்க முடியும் என்றால் அதுதான் என் தேர்வு. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும், துறையும் மூன்றாவதைவிடப் பெரிதாக மேல் இல்லை என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தாழ்வாக நினைக்காமல் அங்கே சேருங்கள். இந்த வாரத்துக்குள் இந்த இரண்டு கல்லூரிகளின் புள்ளியியல் துறையிலும் இரண்டிரண்டு மாணவர்களைப் பிடித்துப் பேசுங்கள், போனை ஒலிபெருக்கியில் போட்டு அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கும்.