கல்லூரிப் பிள்ளைகளிடம் கசப்பானதைச் சொல்வது எப்படி? கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் கல்லூரி ஆசிரியராகவும் மாணவர் ஆலோசகராகவும் நெடுங்காலமாக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என்னால் ஆன பதில்கள்.

இளம் விரிவுரையாளர், காரைக்குடி: ஒரு மாணவனுக்கு வருகை 61 சதவீதம்தான். இந்த செமஸ்டர் எழுத முடியாது என்று சொல்ல வேண்டும். போன முறை இதே பேச்சு வகுப்பிலேயே சண்டையாகிவிட்டது.

வகுப்பில் வைத்துப் பேசியதுதான் சிக்கல். கூட்டாளிகள் பார்க்கும்போது எந்தப் பையனும் இறங்கி வரமாட்டான். துறையில் ஆள் இல்லாத நேரமாகக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். நிற்கவைத்துப் பேசினால் அது விசாரணை.

அதற்கு முன் வருகைப் பதிவேட்டை நிதானமாகப் பாருங்கள். முதல் பீரியட் மட்டும் விடுபட்டிருந்தால் பெரும்பாலும் பஸ்தான் காரணம். கல்லல், சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைக்கு ஒரு டவுன் பஸ் தவறினால் அந்தக் காலையே போச்சு. முகூர்த்த நாளாகப் பார்த்து விடுபட்டிருந்தால் கேட்டரிங் வேலை. நம் ஊர்க் கல்யாணப் பந்திகளில் பரிமாறுகிறவர்களில் எத்தனையோ பேர் கல்லூரிப் பிள்ளைகள். "ஏன் வரலை?" என்று கேட்காதீர்கள். "ஆவணி முகூர்த்தத்துக்கெல்லாம் நீ இல்லையேப்பா, வேலைக்குப் போறியா?" என்று கேளுங்கள். அவனுக்குப் பொய் சொல்லும் தேவை அங்கேயே விட்டுப்போகும்.

செய்தியைச் சுற்றி வளைக்க வேண்டாம். 75 சதவீதம் வேண்டும். 65-க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்று, அபராதம் என்று பல கல்லூரிகளில் வழி உண்டு. 61-க்குப் பொதுவாக இல்லை. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள், அதை நம்பித் தேர்வுக் கட்டணம் கட்டிவிடுவான். இந்தத் தாள்களை அடுத்து எப்போது எழுதலாம், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1000 ரூபாய் நிற்குமா என்பதையெல்லாம் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அவன் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

பெண்கள் விடுதிக் காப்பாளர்: "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறாள் ஒரு பெண். தற்கொலை பற்றிக் கேட்டால் நாமே நினைப்பூட்டியதாகிவிடாதா?

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பது மனநல மருத்துவத்தில் உறுதியான விஷயம். "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்: 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. உடனே ஏதும் செய்துகொள்வாள் என்று தோன்றினால் அப்போதே மருத்துவமனை. இல்லையென்றால் மறுநாளே மனநல மருத்துவர். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போகலாம். வீட்டுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், ஆனால் அவளிடம் சொல்லிவிட்டுத் தெரிவியுங்கள். அம்மாவா, சித்தியா, யாரிடம் முதலில் பேசட்டும் என்று அவளையே கேளுங்கள். புத்திமதி அன்றைக்கு வேண்டவே வேண்டாம்.

ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்: பேராண்டி என்கிட்ட தங்கிப் படிக்கிறான். மகனும் மருமகளும் சிங்கப்பூர்ல. அவனுக்கு அஞ்சு அரியராம். மகன்கிட்ட சொல்லவா?

முதல்ல பேராண்டிகிட்ட பேசுங்க ஆச்சி. சாப்பிடும்போது எடுக்காதீங்க, இலையை விட்டு எழுந்து போயிடுவான். "எனக்குத் தெரியும்ப்பா, ஞாயித்துக்கிழமைக்குள்ள நீயே சிங்கப்பூருக்குக் கூப்பிட்டு அப்பச்சிகிட்ட சொல்லு, நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்று சொல்லுங்க. காலையில் கூப்பிடச் சொல்லுங்க. அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே ராத்திரி ஒன்பதரை என்றால் அங்கே நள்ளிரவு. தூக்கக் கலக்கத்தில் கேட்கிற அப்பச்சி கோபத்தில்தான் பேசுவார்.

ஆசிரியை, தேவகோட்டை: அசைன்மென்ட்டை சாட்ஜிபிடியில் எடுத்திருக்கிறான் என்று சந்தேகம்.

சந்தேகத்தை வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள். ஒரு பத்தியைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மறுபடி எழுதிக் கொடுக்கட்டும்.

முதலாண்டு வகுப்பு ஆசிரியர்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க சார், அப்பத்தான் சொல்வேன்" என்கிறான். சீனியர்கள் தொந்தரவு போலத் தெரிகிறது.

அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். "உன்கிட்ட சொல்லாம யார்கிட்டயும் போகமாட்டேன்" என்பதை மட்டும் கொடுங்கள், அதைக் காப்பாற்ற முடியும். ராகிங் என்றால் மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது; புகார் வந்தால் கல்லூரித் தலைவர் விசாரித்தே ஆக வேண்டும். கல்லூரியில் சொல்லப் பயந்தால் 1800-180-5522 என்ற உதவி எண்ணை அவனிடம் கொடுங்கள். விடுதியில் அதே அறையில் அன்றிரவு அவன் படுக்க வேண்டியிருந்தால், புகார் எழுதுவதற்கு முன் அறையை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.