புது புஷ்ஷுக்குள் ஸ்பிண்டில் நுழைய மறுத்தால்…

கேள்வி: அப்பா ஓட்டிய 1974 புல்லட்டைப் புதுப்பித்து வருகிறேன். பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மின் வெண்கல புஷ் (அச்சைச் சுற்றி உட்காரும் குழல்) இரண்டையும் மாற்றினோம். புதிதைத் தட்டி ஏற்றிய பிறகு, ஆர்ம் ஆடுவதற்கான அச்சான ஸ்பிண்டில் உள்ளே போகவில்லை. கையில் வைத்துப் பார்த்தபோது சரியாக நுழைந்தது. எமரி பேப்பரால் தேய்த்துவிடலாமா? ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ்ஷையும் மாற்ற வேண்டும். — வாசகர், ஈரோடு

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். கடைக்காரர் உங்களுக்குத் தப்பான அளவு தரவில்லை. இறுகிப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே புஷ்ஷின் வெளிவிட்டம் துளையைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும். ஏற்றியதும் அது நெருக்கப்பட்டு உள்விட்டம் சுருங்கிவிடும். எமரி போட்டால் வாய்ப்பக்கம் அகன்று நடுவில் இறுக்கம் அப்படியே நிற்கும். அதைவிட மோசம், அந்தத் தூள் மென்மையான வெண்கலத்தில் பதிந்து, நாளடைவில் ஸ்பிண்டிலைத் தின்றுவிடும்.

ஸ்விங் ஆர்மையும் ஸ்பிண்டிலையும் சேர்த்தே லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். துளையைச் சீவி அளவாக்கும் நீளமான ரீமரை இரண்டு புஷ்ஷிலும் ஒரே நேர்கோட்டில் ஓட்டித் தரச் சொல்லுங்கள். தனித்தனியாக ஓட்டினால் இரண்டின் மையமும் விலகிப்போகும். அதற்கு முன்னால் ஸ்பிண்டிலில் புஷ் உட்காரும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். படி மாதிரி தட்டினால் அதையும் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த ஸ்பிண்டிலில் புது புஷ் போட்டுப் பயனில்லை.

தட்டி ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை. புஷ்ஷின் விளிம்பு பிதுங்கியிருக்கிறதா, அதன் கிரீஸ் துளை, ஆர்மில் கிரீஸ் ஏற்றும் நிப்பிளின் துளைக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிதுங்கியிருந்தாலோ துளை நேராக இல்லாவிட்டாலோ வேறு புஷ் வாங்கிவிடுங்கள். இந்த முறை அதை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்து, காலையில் நீளமான திருகுக் கம்பி, கனமான வாஷர், நட்டு கொண்டு மெதுவாக இழுத்து ஏற்றுங்கள். சுத்தியலுக்கு இதில் வேலையே இல்லை.

ரீமர் ஓட்டியதும் சீவலெல்லாம் போகும்படி மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். ஷாக் அப்சார்பர் மாட்டும் முன், ஆர்மைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே நிதானமாக இறங்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது.

1949-ல் இங்கிலாந்தில் புல்லட் ஸ்விங் ஆர்மோடு வந்த காலத்தில் எத்தனையோ வண்டிகளுக்குப் பின்னால் ஸ்பிரிங்கே கிடையாது. புல்லட்டின் சொகுசுக்கும் நேர் ஓட்டத்துக்கும் ஆதாரம் அந்த இரண்டு புஷ்தான். அங்கே அவசரப்படாதீர்கள்.

அப்புறம் ரப்பர் புஷ். கிரீஸோ ஆயிலோ பட்டால் ரப்பர் உப்பிவிடும், ஏற்றுவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். பழையதை நெருப்பு வைத்து எடுக்க வேண்டாம், அந்தப் புகை நல்லதில்லை. ஷாக் அப்சார்பர் போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கி வையுங்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஒருவரை உட்காரவைத்து, அந்த நிலையில் ஸ்பேனர் போடுங்கள். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.